நினைத்த நேரத்தில் நிற்கும் மணிக்கூடு: வாங்கலாமா?

இந்த முறை வந்த மூன்று கேள்விகளும் ஒரே சாமானைப் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன், குளிர்சாதனப் பெட்டிக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி): அண்ணா, எனக்கு வயது 22. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே சீட்டுக்கட்டு வித்தை செய்வேன். ஆவணியில் மச்சாளின் கலியாணம், வரவேற்பில் பத்து நிமிடம் மென்டலிசம், அதுதான் மனத்தில் நினைத்ததைக் கண்டுபிடிக்கிற வித்தை, செய்யச் சொல்லியிருக்கிறார்கள். முகநூலில் ஒரு விளம்பரம் பார்த்தேன். யாரோ ஒருவர் மனத்தில் ஒரு நேரத்தை நினைத்துச் சொல்கிறார், வித்தைக்காரரின் மணிக்கூடு அதே நேரத்தில் நிற்கிறது. விலை 38,000 ரூபாய். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் காசு கட்டிய பிறகுதான் சொல்வார்களாம். திருப்பி எடுக்கவும் மாட்டார்களாம். இது நியாயமா, வாங்கலாமா?

பதில்: காசு கட்டு முன் ரகசியத்தைச் சொல்ல மாட்டேன் என்பதில் பிழை இல்லைத் தம்பி. மாம்பழம் விற்கிறவர் ருசி பார்க்க ஒரு துண்டு வெட்டித் தருவார். வித்தைச் சாமான் விற்கிறவர் அப்படி ஒரு துண்டு தந்தால் முழுப் பழமும் போய்விடும். நீங்கள் கொடுக்கிற 38,000 அந்த இரும்புக்கும் கண்ணாடிக்கும் மட்டும் இல்லை, உள்ளே இருக்கிற யோசனைக்கும்தான். பெட்டியைத் திறந்து பார்த்ததும் "சீ, இவ்வளவுதானா" என்று ஒரு ஏமாற்றம் வரும், வித்தைச் சாமான் வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், எனக்கும் வந்தது. அதற்காகக் காசைத் திருப்பிக் கேட்க முடியாது.

ஆனால் எப்படிச் செய்கிறது என்பது வேறு, என்ன செய்கிறது என்பது வேறு. முதலாவதை அவர் மறைக்கலாம். இரண்டாவதை உங்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும், அங்கேதான் இந்த விளம்பரங்கள் மழுப்புகின்றன.

நேரம் சொல்லும் மணிக்கூடுகளில் பெரிதாக இரண்டு ரகம். ஒன்றில் நேரம் முன்கூட்டியே முடிவானது. காலையிலேயே ஒரு கடித உறைக்குள் 4.35 என்று எழுதி ஒட்டி மாப்பிள்ளைத் தோழனின் சட்டைப்பையில் வைத்துவிடலாம். மாலையில் மேடைக்கு வருகிற ஆள் மணிக்கூட்டைக் கவிழ்த்துப் பிடித்துத் திருகை இழுத்துக் கண்டபடி சுற்றுவார், நிமிர்த்திப் பார்த்தால் 4.35. இங்கே பார்வையாளர் எதையும் நினைப்பதில்லை, சுற்றுவது மட்டும்தான். மற்ற ரகத்தில் அவர் வாய்விட்டு ஒரு நேரம் சொல்கிறார், அதன் பிறகு நீங்கள் மணிக்கூட்டைக் காட்டுகிறீர்கள். அப்படியென்றால் அவர் சொன்னதற்கும் நீங்கள் காட்டுவதற்கும் இடையிலுள்ள சில விநாடிகளில் ஏதோ ஒன்று நடந்தாக வேண்டும். அதைக் கையால் செய்கிற சாமானும் உண்டு, உள்ளே மோட்டர் வைத்து மறைவாக இயக்குகிற சாமானும் உண்டு. இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன், இதை வைத்துச் சோறு சாப்பிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். போன் திரையில் நேரம் காட்டும் செயலிகளும் இருக்கின்றன, மலிவு, ஆனால் போன் என்றதும் பத்து வயதுப் பிள்ளைகூட "அது அப் அங்கிள்" என்று சொல்லிவிடும்.

இப்போது அந்த விளம்பர வீடியோவைத் திரும்பப் பாருங்கள். நேரத்தைச் சொன்ன கணத்திலிருந்து மணிக்கூட்டைக் காட்டுகிற கணம் வரைக்கும் கமரா எங்கே நிற்கிறது? சொன்னவரின் முகத்துக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டுத் திரும்பி வருகிறது என்றால், உங்களுக்குத் தெரிய வேண்டிய விநாடிகள் வெட்டுப்பட்டுவிட்டன. வெட்டாத வீடியோ ஒன்று கேளுங்கள். தரமாட்டேன் என்றால் என்னைப் பொறுத்தவரை அங்கேயே கதை முடிந்தது.

தந்தால் அடுத்ததாகச் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வட்ஸ்அப் போதும், ஆனால் குரல் பதிவு வேண்டாம். எந்த நேரத்தைச் சொன்னாலும் காட்டுமா, அல்லது ஐந்து நிமிடக் கணக்கில்தானா? பார்வையாளர் கையில் கொடுத்துச் சோதிக்க விடலாமா? முள் ஓடும்போது சத்தம் வருமா? நாதஸ்வரமும் டிஜேயும் போட்டி போடுகிற மண்டபத்தில் சத்தம் ஒரு பிரச்சினையே இல்லை, ஆனால் நாளைக்கு வீட்டு ஹோலில் எட்டுப் பேருக்கு முன் செய்தால் அந்தச் சின்ன "ஙொய்ங்" உங்களைக் காட்டிக்கொடுக்கும். பட்டரி எது, யார் மாற்றுவது? வித்தை இல்லாத நேரத்தில் சாதாரண மணிக்கூடாக ஓடுமா? இதைக் கட்டாயம் கேளுங்கள். ஓடாத மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆளிடம் யாராவது நேரம் கேட்டால் என்ன செய்வீர்கள்?

சோதிக்க விடலாமா என்ற கேள்வியை லேசாக எடுக்காதீர்கள். 1973இல் யூரி கெல்லர், மனச்சக்தியால் கரண்டி வளைக்கிறேன், நின்ற மணிக்கூட்டை ஓட வைக்கிறேன் என்று சொன்னவர், அமெரிக்காவில் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போனார். கார்சன் தானே பழைய வித்தைக்காரர். இப்படிப்பட்டவர்களை அம்பலப்படுத்துகிற வித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டியிடம் ஆலோசனை கேட்டு, கெல்லரின் ஆட்கள் கை வைக்காத சாமான்களை மேசையில் வைத்துவிட்டார். கெல்லர் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை, இன்றைக்கு உடம்பில் வலு இல்லை என்று சொல்லிச் சமாளித்தார். கலியாண வீட்டில் உங்கள் கார்சன் யாரென்று எனக்கு இப்போதே தெரியும்: முன்வரிசையில் உட்கார்ந்து "எங்க தம்பி, அதை இங்க தா பாப்பம்" என்று கை நீட்டுகிற மாமா. அவர் கையில் கொடுக்க முடியாத சாமான் என்றால் அவரைச் சமாளிக்க ஒரு வழி முதலே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று, இதை எந்த விற்பனையாளரும் சொல்லித்தர மாட்டார். ஆங்கிலப் பயிற்சி வீடியோவில் "வாழ்க்கையில் முக்கியமான ஒரு நேரத்தை நினையுங்கள்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அதை நம் சபையில் அப்படியே கேட்டேன், மூன்று வருடத்துக்கு முன், ஒரு பிறந்தநாள் விழாவில். எழுந்து நின்ற பெரியம்மா தன் கலியாண முகூர்த்தத்தைச் சொன்னார்: 9.12. நம் ஆட்களின் முக்கியமான நேரங்களெல்லாம் பஞ்சாங்கம் தந்தவை, முழு மணியில் வராது, ஐந்து நிமிடக் கணக்குக்குள் அடங்காது. என்னிடம் இருந்த சாமான் 9.10 காட்டியது. சபை கை தட்டியது, பெரியம்மா மட்டும் "ரெண்டு நிமிசம் பிந்திட்டுது" என்று மைக்கிலேயே சொன்னார்.

பிறந்த நேரத்தைக் கேட்பது அதைவிடப் பெரிய வில்லங்கம். 1996 மே மாதம் இலங்கையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள், அந்த ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னால் இழுத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழையபடி வந்தது. அதற்கிடையில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரத்திலேயே இருந்தார்கள். அதனால் மணமகள் 1998இல் பிறந்தவர் என்று வையுங்கள், நீங்கள் பிறந்த நேரம் கேட்ட உடனே தாயும் சித்தியும் "பழைய நேரமா புதிய நேரமா" என்று தொடங்கிவிடுவார்கள், சாத்திரியார் பெயரும் வரும், உங்கள் பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும். "நீங்கள் காலையில் வழக்கமாக எழும்புகிற நேரம்" என்று கேளுங்கள். ஆறு, ஆறரை, ஐந்தே முக்கால் என்று வந்து விழும்.

சரி, வாங்கலாமா? ஆவணிக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சாமான் கையில் வந்து, பழகி, பிழைவிட்டு, பிறகு மேடைக்குப் போக அந்தக் கால அவகாசம் போதாது. இன்று ஒரு பழைய மணிக்கூட்டை எடுங்கள், வீட்டு லாச்சியில் ஒன்றாவது கிடக்கும். திருகை இழுத்தால் பெரும்பாலும் முள் நிற்கும். பேசிக்கொண்டே, கீழே குனிந்து பாராமல், அதை விரல் நுனியால் நீங்கள் விரும்பிய நேரத்துக்குக் கொண்டுபோகப் பாருங்கள். முதல் நாள் அரை மணித்தியாலம் தள்ளி நிற்கும். இரண்டு வாரம் விடாமல் செய்து பிழை ஐந்து நிமிடத்துக்குள் வந்தால், உங்களுக்கு 38,000 ரூபாய்ச் சாமான் தேவைப்படாமலே போகலாம். அலுத்துப்போய் மூன்றாம் நாளே விட்டுவிட்டீர்கள் என்றால் அந்தச் சாமானும் இதே லாச்சிக்குத்தான் வரும்.

பிறகும் ஆசை விடவில்லை என்றால், சபைக்குப் புதியவருக்கு முதல் ரகம் நல்லது, கடித உறை ரகம். மின்சாரம் இல்லை, பதற்றமும் குறைவு. வெளிநாட்டிலிருந்து நேரடியாக எடுப்பதென்றால் சுங்கத் தீர்வையையும் 18% வற் வரியையும் முதலே கணக்கில் வையுங்கள். லிதியம் பட்டரி உள்ள பொதிகளை விமானத் தபாலில் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்): மகன் உழைத்துச் சேர்த்த காசில் இப்படியொரு மணிக்கூடு வாங்கினான். சொன்ன நேரத்தை அப்படியே காட்டும் என்றுதான் விளம்பரம். வந்த சாமானில் முள் ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிடம் விலகி நிற்கிறது. விற்றவர் "இன்னும் பழக வேண்டும்" என்கிறார், "ரகசியம் தெரிந்துவிட்டது, திருப்பி எடுக்க முடியாது" என்றும் சொல்கிறார். ஏதும் செய்யலாமா?

பதில்: செய்யலாம் அம்மா. "ரகசியம் தெரிந்துவிட்டது" என்பது, சாமான் சரியாக வேலை செய்தும் வாங்கியவருக்குப் பிடிக்காமல் போனால் சொல்லலாம். உங்கள் மகன் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை, சொன்னதைச் செய்யவில்லை என்கிறார். சொன்னதைச் செய்யாத மின்விசிறிக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

முதலில் மகன் பழகாததுதான் காரணமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மோட்டர் ரகம் என்றால் மேசையில் வைத்து, யாரும் கை படாமல், ஒரே நேரத்தைப் பத்துத் தடவை கொடுத்துப் போனில் வீடியோ எடுங்கள். புதுப் பட்டரி போட்டும் ஒரு முறை எடுங்கள், பட்டரி இறங்கினாலும் முள் தடுமாறும். அதிலும் விலகினால் பழக்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது. கையால் செய்கிற ரகம் என்றால் எனக்கும் கொஞ்சம் தயக்கம்தான், அதில் விற்றவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்.

பிறகு விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், வங்கியில் காசு போட்ட சிட்டை, பேசிய செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து விற்றவருக்கு ஒரு திகதி குறித்து எழுதுங்கள்: இத்தனையாம் திகதிக்குள் மாற்றித் தாருங்கள், இல்லாவிட்டால் காசைத் தாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 1977க்கு அழைத்து விசாரிக்கலாம், ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிட வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றிய முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், அதுவும் வாங்கி மூன்று மாதத்துக்குள். பழகு பழகு என்று விற்றவர் இழுத்தடிப்பதும் அந்த மூன்று மாதத்துக்குள்தான் ஓடுகிறது, அதைக் கவனியுங்கள். விளம்பரத்தில் பொய் சொல்லி விற்பதும் அதே சட்டத்தில் குற்றம்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. உங்கள் கடிதத்தில் விற்றவரின் முகவரி இல்லை, ஒரு பக்கத்தின் பெயரும் போன் இலக்கமும்தான் இருக்கிறது. பற்றுச்சீட்டும் இல்லை. யாருக்கு எதிராக முறைப்பாடு என்று எழுதுவதற்கு ஒரு ஆள் வேண்டும். காசு போன வங்கிக் கணக்கின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு அதுதான் கையில் உள்ள நூல்.

கேள்வி (தெஹிவளையிலிருந்து): என் வித்தை மணிக்கூட்டின் பட்டரி தீர்ந்துவிட்டது. புறக்கோட்டையில் ஏதாவது மணிக்கூட்டுக் கடையில் கொடுக்கலாமா?

பதில்: பட்டரியை மட்டும் வாங்கி வந்து நீங்களே மாற்றுங்கள். பழைய பட்டரியின் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணை எடுங்கள், தடிப்பில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் மூடி பூட்டாது.

மணிக்கூட்டைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். கான் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கண்ணில் வில்லை செருகிய ஒரு வயதான ஐயாவிடம். பட்டரி போட்டு வையுங்கள் என்றுவிட்டு ரீ குடிக்கப் போனேன், அரை மணித்தியாலம் கழித்து வந்தால் மனிதர் முகம் முழுக்கச் சிரிப்பு. "தம்பி, இதில ஒரு பிழை இருந்தது. திருகை எப்பிடிச் சுத்தினாலும் முள்ளு ஒரே இடத்திலதான் வந்து நிக்குது. கழட்டிச் சரிபண்ணிட்டன். அதுக்குக் காசு வேண்டாம், பட்டரிக் காசைத் தாங்கோ."

இப்போது அது நல்ல மணிக்கூடு. ஒரு நிமிடம்கூடப் பிந்துவதில்லை.