சுருண்டு வந்த கறுப்பு வெள்ளைப் படம்

கேள்வி: இருட்டறையில் கையால் பிரிண்ட் போட்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை 6,500 ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கினேன். 11-க்கு 14 அங்குலம். குழாயில் சுருட்டி அனுப்பியிருந்தார்கள். பிரித்து வைத்தால் ஓரமெல்லாம் அப்பளம்போல் நெளிகிறது. விற்றவர், "ஃபைபர் பேப்பர் அப்படித்தான் இருக்கும்" என்கிறார். ஃபிரேம் கடைக்காரர் பலகையில் ஒட்டி லேமினேட் செய்யச் சொல்கிறார். டி-ஷர்ட்டில் படம் ஒட்டும் ஹீட் பிரஸ் வாங்கிவிடலாமா? அல்லது படத்தைத் திருப்பி அனுப்பவா?

பதில்: விற்றவர் சொல்வது பாதி சரி. ஃபைபர் பேப்பர் என்பது பிளாஸ்டிக் பூசாத புகைப்படத் தாள். அதில் ஒரு பக்கம் மட்டுமே, படம் பதியும் ஜெலட்டின் பூச்சு இருக்கும். காயும்போது அது தாளைவிட அதிகமாகச் சுருங்கி, தாளையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆகவே நெளிவு குறையல்ல.

முறிவு வேறு சங்கதி. ஜன்னலோரம் படத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நகம் பதிந்ததுபோல் பிறை வடிவத் தழும்போ, பூச்சில் மயிரிழை வெடிப்போ தெரிந்தால் அது சேதம். எந்த இஸ்திரிப்பெட்டியாலும் அது மறையாது. படத்தையும் குழாயையும் சேர்த்துப் புகைப்படம் எடுத்து உடனே விற்றவருக்கு எழுதுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நீங்கள் நீவத் தொடங்கிவிட்டால், சேதம் யாரால் வந்தது என்று வாதாடுவது கடினம்.

உருப்பெருக்கிக் கண்ணாடி கிடைத்தால் அதையும் வைத்துப் பாருங்கள். பொடிப்பொடியாக மைப்புள்ளிகள் தெரிந்தால் அது இன்க்ஜெட்டில் அச்சிட்டது. இருட்டறைப் படம் என்று சொல்லி விற்றிருந்தால், புகாருக்கு அதுவே போதும். அதன்மேல் தண்ணீரும் படக்கூடாது.

வெறும் நெளிவுதான் என்றால் செலவே வேண்டாம். படத்தைச் சுத்தமான தாள்மேல் குப்புற வைத்து, நன்றாகப் பிழிந்த பஞ்சால் முதுகுப்பக்கத்தை மட்டும் லேசாக ஈரப்படுத்துங்கள். பின்னால் மையில் கையெழுத்து இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், கலைந்துவிடும். தாள் தளர்ந்ததும் மை ஒற்றும் தாள்கள் இரண்டுக்கு நடுவே வைத்து, மேலே ஒரு கண்ணாடிப் பலகை, அதன்மேல் கனமான புத்தகங்கள். மறுநாள் ஒற்றுத்தாளை மாற்றி, ஒரு வாரம் மறந்துவிடுங்கள். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், மை ஒட்டும். ஈரமான முகப்பைக் கண்ணாடியில் படவிட்டாலும் ஆபத்து. ஜெலட்டின் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் படமும் உரிந்துவரும்.

ஹீட் பிரஸ்? டி-ஷர்ட் வேலை 180 டிகிரி செல்சியஸ் அளவில் நடக்கிறது. ஃபைபர் பேப்பருக்கு 80, 90 போதும். ஒரே ஒரு படத்துக்காக அதை வாங்கினால் பிறகு டி-ஷர்ட் வியாபாரம்தான் தொடங்க வேண்டும். முதுகுப்பக்கம் பிளாஸ்டிக்போல் வழவழப்பாக இருந்தால் அது பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. பேப்பர். அதற்குச் சூடே காட்டாதீர்கள், உருகும்.

லேமினேட் செய்யச் சொன்ன கடைக்காரருக்கு ஒரு கும்பிடு. ஒட்டிய படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. மேல்விளிம்பை மட்டும் மவுண்ட் போர்டில் (படத்தைத் தாங்கும் தடித்த அட்டையில்) பிடிக்கவைத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு ஃபிரேம் போட்டுத் தரச் சொல்லுங்கள்.