ஈரானின் ஆண்டுக் கணக்கு: காசிலிருந்து கலகம் வரை – கேள்வி பதில்

நாணயப்பித்தன்: என்னிடம் ஈரான் காசு இரண்டு இருக்கின்றன. ஒன்றில் 2536, இன்னொன்றில் 1320. எந்த ஆண்டுகள் இவை? 2536 போலியா?

போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 1976 மார்ச்சில் ஷா முகமது ரெஸா பஹ்லவி நபி மதீனாவுக்கு இடம்பெயர்ந்த ஹிஜ்ரத்திலிருந்து எண்ணும் ஹிஜ்ரி எண்ணை விலக்கி, பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ் அரியணை ஏறிய கி.மு. 559-லிருந்து எண்ணும் ‘ஷாஹன்ஷாஹி’ கணக்கைக் கொண்டுவந்தார். அதிலிருந்து 1180 கழித்தால் வழக்கமான ஈரானிய ஆண்டு கிடைக்கும். 2536 என்றால் 1356, அதாவது 1977 மார்ச் முதல் 1978 மார்ச் வரை. இந்தக் கணக்கில் வரும் எண்கள் 2535, 2536, 2537 மட்டுமே. அந்த ஆண்டுகளில் பிறந்தவர்களின் சான்றிதழிலும் இதே கழித்தலைச் செய்தாக வேண்டும்.

1320-தான் வம்பு பிடித்தது. காசுகளில் 1925 வரை சந்திர ஹிஜ்ரி, அதன்பின் சூரிய ஹிஜ்ரி. சந்திரக் கணக்கில் 1320 என்பது 1902–03. சூரியக் கணக்கில் 1941–42. எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது, மன்னர் பெயரைப் படியுங்கள். முஸஃபருத்தீன் ஷா என்றிருந்தால் முன்னது, பஹ்லவி என்றிருந்தால் பின்னது. ஈரானின் அரசியலமைப்புப் புரட்சி ஆவணங்களில் உள்ள 1324-ஐச் சூரிய ஆண்டாக எடுத்துக்கொண்டால் 1945 வரும், நடந்ததோ 1906-இல்.

வரலாற்று மாணவி: பழைய தலைநகர் பெர்செபோலிஸில் பாரசீக முடியாட்சியின் 2500-ஆம் ஆண்டு விழா நடந்தது 1971-இல். அப்படியானால் 1976 என்பது 2505 ஆக வேண்டாமா? 2535 எப்படி வந்தது?

நல்ல பிடி. விழாவின் கணக்கு வேறு, நாட்காட்டியின் கணக்கு வேறு; இரண்டும் 30 ஆண்டு இடிக்கும். நாட்காட்டிப்படி விழா நடந்த ஆண்டு 2530. 1320-உடன் 1180-ஐக் கூட்டிப் பாருங்கள், சரியாக 2500. அது 1941, முகமது ரெஸா ஷா பட்டத்துக்கு வந்த ஆண்டு. சைரஸின் 2500-ஆம் ஆண்டும் ஷாவின் முதல் ஆண்டும் ஒன்றாக விழும்படி அமைந்த எண் அது. இவ்வளவு முழுசான எண் தற்செயலாக அமையாது.

மதகுருமார்களுக்கு ஹிஜ்ரத்தைக் கழற்றிவிட்டது பொறுக்கவில்லை. சாதாரண மக்களுக்கு ஒரே நாளில் 1354 போய் 2535 வந்த எரிச்சல். 1978 ஆகஸ்ட் 19-இல் ஆபாதான் நகரின் ரெக்ஸ் திரையரங்கு எரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டபின் அரசு ஆட்டம் கண்டது. ஆகஸ்ட் 27-இல் பிரதமரான ஷரீஃப் எமாமி, எதிர்ப்பைத் தணிக்க முதலில் விட்டுக்கொடுத்தவற்றில் இந்த எண்ணும் ஒன்று. புரட்சி வெல்வதற்கு ஐந்து மாதம் முன்பே ஷாஹன்ஷாஹி ஆண்டு போய்விட்டது.

கணக்குப்புலி: ஈரானியத் தேதியை நம் தேதியாக மாற்ற எளிய வழி உண்டா? 621 கூட்டினால் சில நேரம் தப்பாகிறது.

ஜனவரி முதல் மார்ச் 20 வரையுள்ள தேதிகளுக்கு 621-ஐப் பயன்படுத்தியிருப்பீர்கள். அந்த நாட்களுக்கு 622. நவ்ரூஸ் எனும் ஈரானியப் புத்தாண்டு முதல் டிசம்பர் வரைதான் 621.

நாளைப் பிடிக்க மாத நீளம் தெரிந்தால் போதும். முதல் ஆறு மாதம் 31 நாள், அடுத்த ஐந்து 30, கடைசியான எஸ்ஃபந்த் 29, லீப் ஆண்டில் 30. உதாரணம்: 1332 மொர்தாத் 28. மொர்தாத் ஐந்தாம் மாதம். முன்னால் போனவை 4 × 31 = 124; அதோடு 28 சேர்த்தால் ஆண்டின் 152-ஆம் நாள். 1953 மார்ச் 21-ஐ முதல் நாளாக வைத்து எண்ணினால் ஆகஸ்ட் 19-இல் வந்து நிற்பீர்கள். பிரதமர் மொசாதெக்கின் ஆட்சி கவிழ்க்கப்பட்ட நாள் அது. அந்த ஆண்டு நவ்ரூஸ் 20-லோ 22-லோ விழுந்திருந்தால் விடையும் ஒரு நாள் நகரும். மாற்றும்போது பலர் சறுக்குவது இங்கேதான்.

நவ்ரூஸ் எந்த நாள் என்பதற்கும் விதி உண்டு. சூரியன் வசந்த சம இரவுப் புள்ளியைக் கடக்கும் கணத்தை ‘தஹ்வீலே சால்’ என்பார்கள். ஈரான் நேரப்படி அது நண்பகலுக்கு முன் நேர்ந்தால் அன்றே புத்தாண்டு, பின் நேர்ந்தால் மறுநாள். 2025-இல் அது மார்ச் 20 பிற்பகல் 12.31-க்கு நேர்ந்தது. அரை மணிநேரம் தள்ளியதால் 1403 லீப் ஆண்டாகி, 1404 மார்ச் 21-இல் பிறந்தது. வீடுகளில் ஏழு பொருள் பரப்பிய ஹஃப்த்-சீன் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து காத்திருப்பது அந்தக் கணத்துக்காக. அது நள்ளிரவாக இருந்தாலும் சரி, மதியமாக இருந்தாலும் சரி.

திருச்சி வாசகர்: 1979 புரட்சிக்குப் பின் இஸ்லாமியக் குடியரசு சந்திர ஹிஜ்ரிக்கு ஏன் போகவில்லை? இஸ்லாத்துக்கு முந்தைய ஜரதுஷ்டிர மதத்தின் மாதப் பெயர்கள் உறுத்தவில்லையா?

அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் பாருங்கள். நபியின் ஹிஜ்ரத்திலிருந்தே ஆண்டு எண்ணப்படும். சூரியக் கணக்கு, சந்திரக் கணக்கு இரண்டும் செல்லும். ஆனால் அரசு அலுவலகங்கள் நடப்பது சூரியக் கணக்கில். சந்திர ஆண்டு சுமார் 11 நாள் குறைவு. 33 சூரிய ஆண்டுக்குள் 34 சந்திர ஆண்டு ஓடிவிடும். சம்பளம், பள்ளி, வரவுசெலவு எதையும் அதில் கட்டி வைக்க முடியாது.

இந்தச் சிக்கல் கலீஃபாக்களுக்கே இருந்தது. நவ்ரூஸ் நகர்ந்து நகர்ந்து அறுவடைக்கு முன்பே வந்துவிட, வரி கேட்டால் உழவன் கையில் தானியம் இல்லை. கலீஃபா முஃததித் 895-இல் வரிக்கான நவ்ரூஸை ஜூன் 11-க்குத் தள்ளினார். செல்ஜுக் சுல்தான் மாலிக் ஷா 1079-இல் உமர் கய்யாம் உள்ளிட்ட வானியலாளர்களைக் கொண்டு ஆண்டுப் பிறப்பை மறுபடி வசந்த சம இரவில் நிறுத்தினார்.

நம் ஊர் நிலக் கணக்கான அடங்கலில் இருக்கும் ‘பசலி’ ஆண்டும் இதே நோய்க்குப் பார்த்த மருந்துதான். முகலாயர்கள் ஹிஜ்ரி எண்ணை எடுத்து, அங்கிருந்து சூரிய ஆண்டாக ஓட விட்டார்கள். தெற்கின் பசலி, ஷாஜஹான் காலத்து 1636-ஐ ஹிஜ்ரி 1046 என்று வைத்துத் தொடங்கியது. 2024 ஜூலையில் 1434 பிறந்ததற்குக் காரணம் அதுவே. ‘ஜமாபந்தி’ என்ற சொல்லும் பாரசீக வழியில் வந்ததே.

மாதப் பெயர்களுக்கு வருகிறேன். இவை சட்டமானது 1925 மார்ச் 31-இல். பஹ்லவி செய்த வேலை என்று பலரும் எழுதுகிறார்கள். அன்று ரெஸா கான் பிரதமர்தான், பஹ்லவிகளுக்கு முன் ஆண்ட காஜார் வம்சம் நீக்கப்படவில்லை. சட்டம் இயற்றியது நாடாளுமன்றமான மஜ்லிஸ். முன்னின்றவர்களில் ஜரதுஷ்டிர உறுப்பினர் கெய்கோஸ்ரோ ஷாரோக் ஒருவர். அதற்குமுன் அரசுக் கணக்கில் இருந்தவை ஹமல், சவ்ர் என்ற ராசிப் பெயர்கள்; ஆப்கானியர் பின்னரும் அவற்றையே வைத்துக்கொண்டார்கள். புரட்சி வென்ற நாளாக ஈரான் கொண்டாடுவது பஹ்மன் 22. அந்த ‘பஹ்மன்’ ஜரதுஷ்டிர மறைநூலான அவெஸ்தாவின் வோஹு மனா, ‘நல்ல மனம்’ என்ற தெய்வீகப் பண்பு. யாரும் அதை மாற்றத் துணியவில்லை. பேசுபவர்களின் காதில் அது வெறும் மாதப் பெயர்.

மும்பைவாசி: இங்கே பார்சிகள் ஆகஸ்டில் புத்தாண்டு கொண்டாடுகிறார்களே?

அவர்கள் எண்ணுவது கடைசி சாசானிய மன்னர் யஸ்டெகெர்ட் முடிசூடிய 632-இலிருந்து. அந்த ஆண்டு 365 நாள் மட்டும், லீப் கிடையாது. நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் பின்வாங்கி ஜூனிலிருந்து சுற்றி ஆகஸ்ட் நடுவுக்கு வந்திருக்கிறது. ஈரானிலிருந்த ஜரதுஷ்டிரர் கணக்கு இதற்கு ஒரு மாதம் முன்னே நின்றதால் 1745-இல் சூரத்தில் கத்மி என்ற தனிப்பிரிவு உண்டானது. மார்ச் 21-இல் கொண்டாடும் மூன்றாம் பிரிவும் உண்டு. அதற்குப் பெயர் ஃபஸ்லி.

செய்தி வாசகன்: ஈரானியர்கள் எல்லாச் சம்பவத்தையும் தேதியாலேயே சொல்கிறார்களே, ஏன்?

பெயர் சூட்டினால் பக்கம் சாய வேண்டிவரும். 1953 நிகழ்வை ஷாவின் அரசு ‘தேசிய எழுச்சி’ என்று விடுமுறை விட்டுக் கொண்டாடியது. மற்றவர்களுக்கு அது சதிப்புரட்சி. ‘28 மொர்தாத்’ என்றால் இரு தரப்புக்கும் புரியும். 1963 ஜூன் 5 கலவரம் ‘15 கோர்தாத்’, 1997-இல் காத்தமி அதிபர் தேர்தலில் வென்றது ‘2 கோர்தாத்’, 1999 மாணவர் போராட்டம் ‘18 தீர்’. ஆனால் தேதியும் எப்போதும் நடுநிலையாக இருப்பதில்லை. 1357 புரட்சியை வெறுமனே ‘57’ என்பார்கள். இப்போது முடியாட்சி ஆதரவாளர் சிலர் வாயில் ‘பஞ்சாஹோஹஃப்தி’, அதாவது ‘ஐம்பத்தேழுக்காரன்’, வசைச் சொல்.