டயாப்லோ 2 போன்ற விளையாட்டுகளில் ஒரே அரக்கனைத் திரும்பத் திரும்பக் கொல்வதில் என்ன சுவாரசியம்?

அரக்கர்களை வெட்டிச் சாய்த்து, அவர்கள் சிதறவிடும் வாள், கவசம், மோதிரங்களைப் பொறுக்கி நம் நாயகனைப் பலப்படுத்துவது: 'லூட்' விளையாட்டு என்றால் இவ்வளவுதான். 2000-இல் வந்த டயாப்லோ 2 இதற்கு நல்ல உதாரணம். கதை முடிந்த பிறகும் மெஃபிஸ்டோ என்ற அதே அரக்கனைத் தேடிப் போய்க் கொன்றுகொண்டே இருப்பவர்கள் உண்டு.

காரணம், என்ன விழும் என்பதைக் கணினி ஒவ்வொரு முறையும் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் குப்பைதான். ஆனால் பெயரின் நிறத்திலேயே தரம் தெரிந்துவிடும்: வெள்ளை சாதாரணம், நீலம் மந்திர சக்தி உள்ளது, மஞ்சள் அரியது, பொன்னிறம் தனிச்சிறப்பானது. தரையில் பொன்னிற எழுத்து தெரியும் அந்த நொடிக்காகத்தான் இத்தனை பாடும். தூண்டில் போட்டு உட்கார்வது மாதிரி. எப்போது, எது சிக்கும் என்று தெரியாததுதான் எழுந்து போகவிடாமல் செய்கிறது. அப்புறம், கிடைத்த வாளை உடனே யார் மேலாவது வீசிப் பார்க்க வேண்டுமே!

நல்ல பொருளைக் காசு கொடுத்தே வாங்கிவிட்டால் இன்னும் சந்தோஷம் என்று பலர் நினைக்கிறார்கள். 2012-இல் வந்த டயாப்லோ 3 நிஜப் பணத்துக்கே ஏலக்கடை திறந்தது. விளையாட்டின் அடிப்படையையே அது கெடுக்கிறது என்று சொல்லி 2014-இல் தயாரிப்பாளர்களே அதை மூடிவிட்டார்கள்.