கை தூக்கினால் என்ன ஆகும்?

கே: கனடா நாடாளுமன்றம், 2009 இல் போர் முடிந்த மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். வெளிநாட்டுக்காரன் கை தூக்கினால் செத்தவர் வருவாரா? அதுவும் அது வடக்கு கிழக்குப் பிரச்சினை. நாட்சம்பளத்துக்கே மல்லுக்கட்டும் மலையகத்தானுக்கு அதில் என்ன வேலை?
– வாசகர், பொகவந்தலாவை

ப: செத்தவர் வரமாட்டார். 2022 இல் கனடா ஒருமனதாக நிறைவேற்றிய அந்தத் தீர்மானம் நீதிமன்றத் தீர்ப்பும் அல்ல. அதை வைத்து ஒருவரையும் கூண்டில் ஏற்ற முடியாது. அதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் கை தூக்கினால் என்ன ஆகும் என்று வேறு யார் கேட்டாலும் மலையகத்தான் கேட்கலாமா? 1948 இல் கொழும்பில் கை தூக்கித்தானே பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள்? நவம்பர் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. முதல்நாள் கொழுந்து பறித்த அதே மலையில் மறுநாளும் கொழுந்து பறித்த சுமார் 7 இலட்சம் பேருக்கு நாடு இல்லாமல் போனது. 1964 இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று கொழுந்து நிறுப்பதுபோல ஆட்களைப் பிரித்தது. மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003 இல் இன்னொரு முறை கை தூக்க வேண்டியிருந்தது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2021 இல் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரத்துக்கென ஒரு சட்டம் இயற்றியது. அதை ஒழிக்க வழக்காடியவர்கள் கனடா உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 மார்ச்சில் அந்த நீதிமன்றம் மேன்முறையீட்டை ஏற்க மறுத்தது. ஒன்றுக்கும் உதவாத காகிதத்தைக் கிழிக்க இத்தனை வருடம் அலைவார்களா? ஆர்மீனியர்கள் 1915 இல் கொல்லப்பட்டதை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை இனப்படுகொலை என்று ஏற்றது 2019 இல். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் வரை விடாமல் கேட்டதால் வந்தது அது.

வடக்கு கிழக்குப் பிரச்சினை என்றீர்களே, அதை என்னால் தாங்க முடியவில்லை. 1977 இனக்கலவரத்தில் லயத்தோடு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளோடு) எரிந்தது போக, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்கே வன்னிக்குப் போனது யார்? டிக்கோயாப் பக்கம் ஒரு லயக் காம்பராவில் (அறையில்) வயதான அம்மா ஒருவர் தகரப் பெட்டியைத் திறந்து, சேலைக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார். கிளிநொச்சி தர்மபுரத்திலிருந்து தங்கை 2008 இல் எழுதியது. மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. வருகிறவர்களிடமெல்லாம் கொடுத்து வாசிக்கச் சொல்வாராம். “மழை பிடிச்சிருச்சு, கச்சான் போட்டிருக்கோம், பிள்ளைங்க சுகம்.” 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லை.

உங்கள் தோட்டத்திலிருந்தும் அப்படிப் போன குடும்பங்கள் இருக்கும். மூத்தவர்களைக் கேட்டு, பெயர், போன வருடம், கடைசியாகச் சேதி வந்த ஊர், இவ்வளவையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.