ஜோட்டெரோவில் இறக்கிய மேற்கோள் தரவுகளைச் சீர்செய்தல்: கேள்வி பதில்

கேள்வி: மேற்கோள் தரவுகளைத் திரட்டி மேலாளும் மென்பொருளான ஜோட்டெரோவில் எஸ். கண்ணன் என்பவரின் கட்டுரையை இறக்கினேன். துணைநூற்பட்டியலில் அவர் ‘எஸ்., கண்ணன்’ என்று வருகிறார். தவறு எங்கே?

பதில்: எல்லோருக்கும் குடும்பப்பெயர் உண்டு என்று கருதி அமைக்கப்பட்ட படிவங்களில் நம் பெயர்களை நிரப்பும்போது, தந்தை பெயரைக் குறிக்கும் தலைப்பெழுத்தே பல வேளைகளில் குடும்பப்பெயராகப் பதிவாகிவிடுகிறது, ஜோட்டெரோ அதை அப்படியே இறக்குகிறது. ஆசிரியர் வரியில் உள்ள பட்டியலைத் திறந்து குடும்பப்பெயர், முதற்பெயர் ஆகிய இரு கட்டங்களையும் இடம்மாற்றினால், ‘கண்ணன், எஸ்.’ என்று சரியாகிவிடும். நிறுவனப் பெயர்களுக்கோ ஒற்றைக் கட்டமே பொருந்தும். இல்லையெனில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ‘நிறுவனம், உலகத் தமிழாராய்ச்சி’ என்று அச்சேறும். ஓர் ஆசிரியரின் பெயரைப் பிழையாக அச்சிடுவது அவருடைய உழைப்பை மறைப்பதாகும் என்பதால், இதை நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: ஒரே கட்டுரை மூன்று முறை உள்ளது. இரண்டை அழித்துவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள், இணையுங்கள். வேர்டு கோப்பில் நீங்கள் ஏற்கெனவே இட்ட மேற்கோள், அழிக்கப்பட்ட பதிவைச் சுட்டியதாக இருந்தால் அத்தொடர்பு அறுந்துவிடும். இணைத்தால், பழைய பதிவுக்கு மாற்று எது என்பதை மென்பொருள் குறித்துவைத்துக்கொள்வதால் மேற்கோள் பிழைக்கும். ஒன்று நூலாகவும் மற்றொன்று கட்டுரையாகவும் பதிவாகியிருந்தால் இணைக்க இயலாது. முதலில் வகையை ஒன்றாக்க வேண்டும்.

கேள்வி: பதிவுகளைப் பிப்டெக் (மேற்கோள் தரவுகளைச் சேமிக்கும் உரைவடிவம்) கோப்பாக வெளியே எடுத்து, மொத்தமாகத் திருத்தி, மீண்டும் இறக்கலாமா?

பதில்: வேண்டாம். அவை புதிய பதிவுகளாகவே நுழையும். மேலே சொன்ன அதே சிக்கல் நூலகம் முழுவதற்கும் நேரும்.

கேள்வி: ஆங்கிலத் தலைப்புகள் முழுவதும் பெரிய எழுத்துகளில் உள்ளன.

பதில்: தலைப்பின்மீது வலச்சொடுக்கி, வாக்கிய நடைக்கு (முதல் சொல்லும் சிறப்புப்பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும் முறை) மாற்றுங்கள். வாக்கிய நடையில் உள்ளதை, தேவைப்படும் மேற்கோள் பாணி தானே பெரிய எழுத்தாக்கிக்கொள்ளும். ஆனால் பெரிய எழுத்துகளைச் சிறியவையாக்கும்போது, எது சிறப்புப்பெயர் என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஆகவே மாற்றியபின் ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் கண்ணால் பார்த்துத் திருத்தியே ஆக வேண்டும்.

கேள்வி: நான் இடாத குறிச்சொற்கள் குவிகின்றன.

பதில்: அமைப்புகளில், தானாகக் குறிச்சொல் சேர்க்கும் தெரிவை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: இருநூறு பதிவுகளை ஒன்றாக இறக்கப்போகிறேன். முன்னேற்பாடு என்ன?

பதில்: மென்பொருளை மூடிவிட்டு, அதன் தரவுக் கோப்புறையை வேறிடத்தில் நகலெடுங்கள். பிறகு அனைத்தையும் புதிய தொகுப்பொன்றில் இறக்கி, அவற்றுள் ஐந்தாறு பதிவுகளையேனும் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டபின் மற்றவற்றைத் தொடுங்கள்.