கிளிநொச்சியில் ஒரு மணி நேரம் தனியாகப் பியானோ வாசிக்கப் போகிறேன். சோகமான உருப்படிகளில் எவற்றைத் தெரிவது?

கேள்வியோடு நீங்கள் போட்டிருந்த பட்டியலைப் பார்த்தேன். ஒன்பது உருப்படிகள். ஒன்பதும் மெதுவானவை, எட்டு மைனரில் (மேற்கத்திய இசையில் பெரும்பாலும் சோகமாகத் தொனிக்கும் சுர வரிசை; வெளிச்சமாகத் தொனிப்பது மேஜர்). இதே மாதிரி ஒரு பட்டியலோடு நானும் ஒருமுறை மேடை ஏறியிருக்கிறேன். அந்தக் கதையைச் சொன்னாலே பாதிப் பதில் வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன்னர், கிளிநொச்சியில் ஒரு மண்டபம். மரப் பியானோ கிடைக்கவில்லை. பரந்தனில் ஒருவரிடம் 88 கட்டை உள்ள மின்பியானோவை இரவல் வாங்கி, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் மெத்தை விரித்து, ஏ9 வீதி வழியாக ஏற்றி வந்தோம். மண்டபத்தில் வழுக்கும் டைல்ஸ் தரை. பெடலை மிதிக்க மிதிக்க அது முன்னால் ஓடியது. மூன்றாவது உருப்படி வாசிக்கும்போது நான் கதிரை நுனியில் இருந்து, காலை எட்டி நீட்டி மிதித்துக்கொண்டிருந்தேன். முதலாவதுக்குச் சனம் அசையாமல் இருந்தது. இரண்டாவதுக்கும் சரி. மூன்றாவதில் நிகழ்ச்சி நிரல் தாள்கள் விசிறியாகின. நான்காவதில் பின்வரிசைப் பிள்ளை ஒன்று "முடிஞ்சுதோ?" என்று கேட்டது மேடை வரை கேட்டது. ஐந்தாவதை நான் கொஞ்சம் வேகமாகவே வாசித்து முடித்தேன் என்று நினைக்கிறேன். வெளியே வந்தபோது எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நல்லாத்தான் வாசிச்சனீங்கள். ஆனா செத்தவீட்டில கூட இடையில தேத்தண்ணி குடுப்பினம்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு சோக உருப்படியைத் தெரிந்தவுடன், அதற்கு முன்னும் பின்னும் எதை வைப்பது என்றுதான் யோசிப்பேன். அதோடு, சோகமென்றால் மெதுவாக இருக்க வேண்டும் என்று எங்கிருந்து பிடித்தோம்? எங்கள் செத்தவீட்டுப் பறை மெதுவாகவா அடிக்கிறது? ஒப்பாரியில்கூட ஒருவர் இழுத்து அழுவார், பக்கத்தில் இருப்பவர் போனவரை ஏசி ஏசி அழுவார், மூலையில் ஒருவர் சத்தமே இல்லாமல் இருப்பார். பியானோவுக்கு எழுதப்பட்டவற்றிலும் இந்த மூன்று பேரும் இருக்கிறார்கள். உங்கள் பட்டியலில் இழுத்து அழுபவர் மட்டும்தான் ஒன்பது தடவை வருகிறார்.

பட்டியலில் இருப்பவற்றில் நான் கட்டாயம் வைத்துக்கொள்ளச் சொல்வது ஷொப்பானின் ஈ மைனர் பிரெலூட், ஒரு குட்டிப் பியானோ உருப்படி. ஓபஸ் (வெளியீட்டு எண்) 28, நாலாவது. 1839இல் வெளியான 24 பிரெலூட்களில் ஒன்று. மொத்தம் 25 பார் (தாளக்கட்டு), இரண்டு நிமிடமளவில் முடிந்துவிடும். வலது கை பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டுக்குள் போய் வருகிறது, பெருமூச்சு விடுவது போல. விஷயம் நடப்பது இடது கையில். ஒரே சுரக்கூட்டைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு விரல் மட்டும் அரைச் சுரம் கீழே இறங்கும். பிறகு இன்னொரு விரல். அத்திவாரம் மெல்ல மெல்லத் தாழ்கிற வீடு மாதிரி. மாணவர்கள் வலது கையை உருக்கமாக வாசிக்கப் பாடுபடுவார்கள், இடது கையைத் தாளம் போடுவது போல அடித்துவிடுவார்கள். நேர் எதிராகச் செய்யுங்கள். ஒரு வாரம் இடது கையை மட்டும் வாசியுங்கள், எந்த விரல் எப்போது இறங்குகிறது என்று காது கண்டுபிடிக்கட்டும். 1849இல் ஷொப்பான் இறந்தபோது பாரிஸில் மத்லேன் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் இதையே ஓர்கனில் வாசித்தார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முடிவுக்குச் சற்று முன் ஒரு நீண்ட மௌனம் வரும், அதற்குப் பிறகுதான் கடைசி மூன்று கூட்டுகள். எங்கள் ஊரில் அந்த மௌனத்தில் யாராவது கை தட்டியே தீருவார்கள். அவர்களில் பிழையில்லை, முடிந்தது போலத்தான் இருக்கும். கையைக் கட்டையிலிருந்து தூக்காமல், தலையையும் நிமிர்த்தாமல் அப்படியே இருந்தால் தப்பலாம்.

அடுத்து, மேஜரில் இருக்கும் சோகம். உங்கள் பட்டியலில் இதற்கு இடம் போதாது. பிராம்ஸ் 1892இல் எழுதிய மூன்று இன்டர்மெட்சோக்கள் (இவையும் சிறு பியானோ உருப்படிகள்தான்), ஓபஸ் 117. தன் துயரங்களுக்கான தாலாட்டுகள் என்று அவரே அவற்றைச் சொல்லியிருக்கிறார். முதலாவது ஈ பிளாட் மேஜரில். பழைய ஸ்கொட்லாந்துத் தாலாட்டு ஒன்றின் இரண்டு வரிகளை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் தாளின் தலையில் போட்டிருக்கிறார்: நிம்மதியாகத் தூங்கு பிள்ளாய், நீ அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை என்ற பொருளில். கைவிடப்பட்ட ஒரு தாய் பாடுவது அது. என் அம்மம்மா பிள்ளையை ஆட்டும்போது பாடிய மெட்டையும் செத்தவீட்டில் அழுத மெட்டையும் சின்ன வயதில் எனக்குப் பிரித்தறியத் தெரியாது. இரண்டிலும் அதே இழுவை, அதே இறக்கம். இந்த இன்டர்மெட்சோவை முதன்முதலில் கேட்டபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. வாசிப்பதற்கு ஒரு குறிப்பு: மெட்டு மேலே இல்லை, நடுவில் ஒளிந்திருக்கிறது. அதற்கு மேலும் கீழும் ஒரே சுரம் மணி மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். மேல் விரலை வழக்கம்போல அழுத்தினால் தாலாட்டு கேட்காது, மணி மட்டும்தான் கேட்கும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றுக்காக இப்போது கொஞ்சம் வாதாடப் போகிறேன். ராவெல் 1914இலிருந்து 1917 வரை எழுதிய 'கூப்ரானின் கல்லறை'. கூப்ரான் பழைய பிரெஞ்சு இசையமைப்பாளர். இந்தத் தலைப்பில் கல்லறை என்றால் அஞ்சலி, பழைய பிரெஞ்சு வழக்கு அது. ஆறு பகுதிகள். ஒவ்வொன்றும் முதலாம் உலகப் போரில் இறந்த நண்பர்களுக்கு. ஒரு பகுதி இரண்டு சகோதரர்களுக்குச் சேர்த்து. ராவெலும் அந்தப் போரில் லொறி ஓட்டியவர். கடைசிப் பகுதி யாருடைய நினைவுக்கு எழுதப்பட்டதோ, அவருடைய மனைவி மார்கரித் லோங் தான் 1919இல் முழுவதையும் முதன்முதலில் மேடையில் வாசித்தார். அந்த அம்மா எப்படி வாசித்து முடித்தாரோ!

இப்படி ஒரு பின்னணி என்றவுடன் கனத்த ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். வாசித்துப் பாருங்கள், நடன மெட்டுகள். துள்ளல்கூட உண்டு. செத்தவர்களுக்கு எழுதியதில் இது என்ன துள்ளல் என்று அப்போதே குறைப்பட்டிருக்கிறார்கள். இறந்தவர்கள் தங்கள் மௌனத்தில் போதுமான அளவு துக்கமாகத்தான் இருக்கிறார்கள் என்று ராவெல் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். வன்னியில் இதை விளக்கத் தேவையில்லை. மாலை போட்ட படத்துக்குக் கீழேயே பேரப்பிள்ளையின் பிறந்தநாள் பலூன் கட்டியிருக்கும் வீடுகளில் நாங்கள் எல்லாரும் கேக் தின்றிருக்கிறோம். ஆறையும் வாசிக்க வேண்டாம், கடைசிப் பகுதி விரலை முறித்துவிடும். ஐந்தாவதான மெனுவே (பழைய பிரெஞ்சு நடன வகை) மட்டும் போதும். மேஜரில் மெல்லிய நடனமாகத் தொடங்கும். நடுவில் மைனருக்குப் போய், தூரத்தில் ஏதோ ஊர்வலம் போவது போலத் தடித்து எழும்பும், பிறகு பழைய நடனத்துக்கே திரும்பிவிடும். அழச் சொல்லாது. ஆனால் அழுபவரைத் தடுக்கவும் தடுக்காது.

இன்னொன்றைச் சொல்லலாமா விடலாமா என்று யோசித்தேன். செக் இசையமைப்பாளர் யானாச்செக்கின் '1.10.1905' என்ற சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட உருப்படி). தலைப்பே ஒரு தேதி. அன்று, இப்போது செக் குடியரசில் இருக்கும் பர்னோ நகரில், செக் மொழிப் பல்கலைக்கழகம் கேட்டு நடந்த போராட்டத்தில், ஒரு இளம் தொழிலாளி துப்பாக்கிக் கத்தியால் குத்துப்பட்டு இறந்தார். முதற்பகுதியின் பெயர் 'முன்னுணர்வு', அடுத்தது 'மரணம்'. மூன்றாவதாக ஒரு இறுதி ஊர்வலப் பகுதியும் இருந்தது. முதல் நிகழ்ச்சிக்கு முன்னர் யானாச்செக் அதை எரித்துவிட்டார். பிறகு மிச்சம் இரண்டையும் ஆற்றில் எறிந்தார். முதலில் வாசித்த பெண் அவற்றைப் பிரதி எடுத்து வைத்திருந்ததால்தான் இன்று நம் கையில் இருக்கிறது. இடம்பெயர்ந்தபோது என் கையெழுத்து இசைக் கொப்பிகள் எல்லாம் போயின. பிரதி எடுத்து வைக்க எனக்கு அப்படி யாரும் இருக்கவில்லை. அதனால் இந்தக் கதை எனக்கு நெருக்கம், உருப்படியும் அருமை. இருந்தாலும் உங்கள் ஒரு மணி நேரத்துக்குள் இதை வைக்காதீர்கள். இதற்குப் பிறகு வேறு எதுவும் நிற்காது. வாசித்தால் தனியாக இன்னொரு நாள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீத்தோவனின் 'நிலவொளி' சொனாட்டா எல்லாருக்கும் தெரியும், அதுதான் அதன் பிரச்சினை. அந்தப் பெயர் அவர் வைத்ததல்ல, அவர் இறந்த பிறகு ஒரு விமர்சகர் சொன்னதிலிருந்து ஒட்டிக்கொண்டது. வைப்பதென்றால் இழுக்காமல் வாசியுங்கள், பாருக்கு இரண்டு தட்டு என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். ஷொப்பானின் இறுதி ஊர்வல இசையை எடுத்துவிடுங்கள். நகைச்சுவைக் காட்சிகளில் போட்டுப் போட்டு அது பகிடியாகிவிட்டது, முதல் நாலு தட்டிலேயே பிள்ளைகள் சிரிப்பார்கள். சாட்டியின் முதலாவது ஜிம்னோபெடி (1888, எங்கள் வேலணைச் சாட்டிக் கடற்கரைக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) தொடக்கத்துக்கு நல்லது. ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்வார். முதல் தடவை மேஜரில் போய் நிற்கும், இரண்டாம் தடவை கடைசி அடியில் மைனருக்குச் சாய்ந்துவிடும். அந்தச் சாய்வுக்காகவே வாசிக்கலாம்.

மோட்சார்ட்டின் ஏ மைனர் ரொண்டோவை (1787) விட்டுவிட்டீர்கள், சேருங்கள். பத்து நிமிடம் வரும். ஒரே பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது, வரும்போதெல்லாம் சங்கதி கூடிக்கொண்டு வருகிறது. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும். எங்கள் சபையில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள்தான்.

உங்களிடம் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் இடையில் ஏற்றுங்கள். சாய்கோவ்ஸ்கி 1878இல் பிள்ளைகளுக்கென்று எழுதிய தொகுப்பில் நோயுற்ற பொம்மை, பொம்மையின் இறுதிச் சடங்கு என்று இரண்டு குட்டி உருப்படிகள் உண்டு. கொஞ்சம் தள்ளிப் புதுப் பொம்மையும் வரும். என்னிடம் படித்த ஒன்பது வயதுப் பிள்ளை இதைப் 'பொம்மையின்ர செத்தவீடு' என்றுதான் சொல்வாள். அவள் வாசிப்பில் சோகமே இருக்காது, அவ்வளவு பொறுப்பாக, ஒரு வேலையைச் செய்து முடிப்பது போல வாசிப்பாள். சபையில் முதலில் கண் துடைத்தவர்கள் அதற்குத்தான்.

ஆக, நான் என்றால் இப்படிப் போடுவேன்: சாட்டி, மோட்சார்ட், ஷொப்பான். இடைவேளை. பிறகு பிள்ளையின் மூன்று பொம்மைகள், பிராம்ஸ், கடைசியில் ராவெலின் மெனுவே. வாசிப்பு மட்டும் அரை மணி நேரமளவில் வரும். குறைவென்று பயப்பட வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு வசனம் பேசி, இடைவேளையும் விட்டால் ஒரு மணி நேரம் ஆகிவிடும். இன்னொன்று வாசிக்கச் சொல்லிக் கேட்டால் ஷூமனின் 'ஞாபகம்'. மெண்டல்சன் இறந்த நாளான 4 நவம்பர் 1847ஐத் தலைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். இதுவும் மேஜரில்தான், ஒரு பக்கம்தான். அறிவித்தலில் 'சோக இசை மாலை' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். சனம் வாசலிலேயே முகத்தைத் தயார்செய்துகொண்டு வரும்.

தேதி முக்கியம். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். தகரக் கூரையில் மழை அடித்தால் பிராம்ஸின் தாலாட்டு உங்களுக்கே கேட்காது. முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐ ஒட்டிய வாரமும் வேண்டாம். அந்த வாரம் சந்திக்குச் சந்தி கஞ்சி காய்ச்சுவார்கள், அந்த நாட்களுக்கு உங்கள் பியானோவும் என் பியானோவும் தேவையில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று வைத்தால் மண்டபத்தில் நீங்களும் கதிரைகளும்தான் இருப்பீர்கள். மாசி, பங்குனி பரவாயில்லை, பக்கத்துக் கோயிலில் ஒலிபெருக்கி கட்டும் திருவிழா உண்டா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். மின்பியானோ என்றால் கரண்ட் போகும் என்றே எண்ணிக்கொண்டு ஆயத்தமாகுங்கள். ஜெனரேற்றர் மண்டபத்தின் பின்சுவரோடு ஒட்டி இருந்தால் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பெடலுக்குக் கீழே நனைத்துப் பிழிந்த சாக்கு ஒன்றை மடித்துப் போட்டால் ஓடாது, அடுத்த நிகழ்ச்சியில் நான் அதைத்தான் செய்தேன்.

இடைவேளைக்குக் கால் மணி நேரம் விடுங்கள். தேத்தண்ணியை மண்டபத்துக்கு வெளியே, மர நிழலில் கொடுக்க ஒழுங்கு செய்யுங்கள். உள்ளே கொடுத்தால் இரண்டாம் பாதி முழுக்கக் கோப்பைச் சத்தம்தான்.