டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினோம், பிரேக்கரையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் பட்டறையில் 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு 630 கேவிஏ வைத்திருக்கிறோம். பேனலும் அதிலுள்ள 100 ஆம்பியர், 10 கேஏ பிரேக்கர்களும் பழையவைதான். லோடு இன்னும் கூடவில்லை. "எதுவும் ட்ரிப் ஆகவில்லையே, அப்படியே ஓடட்டும்" என்கிறார் காண்ட்ராக்டர். இன்னொருவர் எல்லாவற்றையும் 200 ஆம்பியராக மாற்றச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் தப்பு. இதில் இரண்டாமவர் உங்களுக்குச் செலவையும் வைத்து ஆபத்தையும் கூட்டுகிறார்.

பிரேக்கரின் முகத்தில் இரண்டு எண்கள் இருக்கும். 100 ஆம்பியர் என்பது நாள் முழுக்க அது தாங்கும் கரண்ட். 10 கேஏ, அதாவது 10,000 ஆம்பியர் என்பது, ஷார்ட் ஆகும்போது பாயும் கரண்டில் எதுவரை அது உடையாமல் வெட்டிவிடும் என்பதற்கான எல்லை. முதல் எண்ணை லோடையும் கேபிளையும் பார்த்து முடிவு செய்வார்கள். இரண்டாவது எண்ணுக்கும் லோடுக்கும் சம்பந்தமே கிடையாது. அதை நிர்ணயிப்பது பின்னால் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர்.

கணக்கு எளிதுதான். டிரான்ஸ்ஃபார்மரின் நேம் பிளேட்டில் இம்பீடன்ஸ் (கரண்டுக்கு அது கொடுக்கும் உள்தடை) என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். உங்கள் அளவில் பொதுவாக 4 சதவீதம் அல்லது கொஞ்சம் கூட. முழு லோடு கரண்டை அந்தச் சதவீதத்தால் வகுத்தால் ஷார்ட் கரண்ட் கிடைக்கும். 400 வோல்ட்டில் பழைய 250 கேவிஏவின் முழு லோடு சுமார் 360 ஆம்பியர். 0.04 ஆல் வகுத்தால் 9,000. உங்கள் 10 கேஏ பிரேக்கர் அப்போதே மயிரிழையில்தான் தப்பியிருந்தது. புதிய 630 கேவிஏவுக்கு முழு லோடு 910 ஆம்பியர் வரும். ஷார்ட் ஆனால் கிட்டத்தட்ட 22,700. நீங்கள் ஒரு மோட்டார்கூடச் சேர்க்காமலேயே இந்த எண் இரண்டரை மடங்காகிவிட்டது.

ட்ரிப் ஆகவில்லை என்பதை ஒரு சான்றாகச் சொல்கிறாரே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இந்த 10 கேஏ எல்லையை அன்றாட ஓட்டத்தில் யாரும் தொடுவதே இல்லை. பெரிய ஷார்ட் வரும் அன்றுதான் பரீட்சை. கரண்டைக் கடத்தும் உலோக முனைகளான கான்டாக்ட் பிரியும்போது நடுவே மின்வில் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் தீப்பொறி) எழும். அதை உள்ளேயுள்ள தகடுகளுக்குள் இழுத்துத் துண்டு துண்டாக்கிக் குளிரவைத்து அணைப்பதுதான் பிரேக்கரின் வேலை. எல்லையைத் தாண்டிய கரண்டில் அந்த வில் அணையாமல் போகலாம். அப்போது கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், பெட்டி வெடிக்கும், பேனல் கதவுக்கு முன் நிற்பவர் மேல் தீப்பிழம்பு பாயும். அப்புறம் செய்தியில் "மின்கசிவால் தீ" என்று வரும். கசிவு வேறு, ஷார்ட் வேறு. எல்லாத் தீயையும் கசிவின் தலையில் கட்டுவதால்தான் பிரேக்கரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

200 ஆம்பியர் யோசனையைத் தள்ளிவிடுங்கள். 100 ஆம்பியருக்கென்று போட்ட கேபிள் 150 ஆம்பியரில் வெந்துகொண்டிருக்கும்; பிரேக்கர் வேடிக்கை பார்க்கும். ஆம்பியர் அதே 100 இருக்கட்டும், கேஏ மட்டும் உயர வேண்டும். 25 கேஏ போதுமே என்று கடையில் சொல்வார்கள். இம்பீடன்ஸ் சதவீதம் தயாரிப்பில் பத்தில் ஒரு பங்கு முன்பின் இருக்க இடமுண்டு. ஓடும் மோட்டார்களும் ஷார்ட் ஆன இடத்துக்குக் கொஞ்சம் கரண்டைத் தள்ளும். அதனால் மெயின் பேனலில் 36 கேஏ வாங்குங்கள்.

வாங்கும்போது இரண்டு தந்திரங்கள் நடக்கும். ஒன்று வோல்டேஜ். ஒரே பிரேக்கருக்கு 230 வோல்ட்டில் ஒரு கேஏ, 400 வோல்ட்டில் அதைவிடக் குறைந்த கேஏ. விற்பவர் கேட்லாக்கில் எது பெரிதோ அதைத்தான் விரல் வைத்துக் காட்டுவார். இரண்டாவது, ஐசியு, ஐசிஎஸ் என்று இரண்டு எழுத்துக்கூட்டு. ஐசியு என்பது கடைசி எல்லை. அந்த அளவு கரண்டை வெட்டியபின் அந்தப் பிரேக்கர் தொடர்ந்து வேலைக்கு ஆகும் என்று யாரும் உறுதி தருவதில்லை. வெட்டியபின்னும் லோடைச் சுமக்க வேண்டும் என்ற சோதனையில் தேறிய எண்தான் ஐசிஎஸ். இது ஐசியுவில் பாதியாகவும் இருக்கலாம், முழுதாகவும் இருக்கலாம். கொட்டேஷனில் "36 கேஏ" என்று மொட்டையாக எழுதினால் ஏற்காதீர்கள். 400 வோல்ட்டில் ஐசியு எவ்வளவு, ஐசிஎஸ் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பாலிஷ் போட்டு வரும் பழைய பிரேக்கர் எந்த விலையிலும் வேண்டாம். அது உள்ளே எத்தனை ஷார்ட்டை வெட்டியது என்று வெளியே தெரியாது.

இதைச் சொன்னதும் காண்ட்ராக்டர் ஒரு விதிவிலக்கோடு வருவார்: "மேலே இருக்கிற மெயின் பிரேக்கர் காப்பாற்றிவிடும்." முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன், அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. கரண்டை உச்சத்துக்கு ஏறவிடாமல் மட்டுப்படுத்தும் மெயின் பிரேக்கர் மேலே இருந்தால், கீழே குறைந்த கேஏ பிரேக்கர் வைக்கலாம். ஆனால் இது கையால் போடும் கணக்கு இல்லை. எந்த மெயினுக்குக் கீழே எந்தப் பிரேக்கர் எத்தனை கேஏ வரை என்று தயாரிப்பாளரே சோதித்து அட்டவணை போட்டிருப்பார். உங்களுடைய அதே ஜோடி, அதே மாடல், அதே வோல்டேஜ் அதில் இருக்க வேண்டும். மேலே ஒரு கம்பெனி, கீழே இன்னொரு கம்பெனி என்றால் பேச்சே இல்லை. பழைய மாடல் பெரும்பாலும் புது அட்டவணையில் இருக்காது. நாளை மெயினை வேறு மாடலாக மாற்றினால் கீழே உள்ள அத்தனையும் அன்றே தகுதி இழக்கும். அதனால் பேனல் மேல் எழுதி ஒட்டவும் வேண்டும். பெரிய ஷார்ட்டில் மெயினும் சேர்ந்து விழுந்து பட்டறை முழுக்க இருட்டாகும் என்பதையும் மறக்க வேண்டாம். அவர் சொல்வது உண்மையானால் அந்த அட்டவணைப் பக்கத்தை உங்கள் கையில் கொடுக்கட்டும். நான் கேட்டபோதெல்லாம் பேச்சு வேறு பக்கம் போயிருக்கிறது.

செலவு குறைய நேர்மையான வழி கேபிளில் இருக்கிறது. கேபிளின் தடையும் ஷார்ட் கரண்டைக் குறைக்கும். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 50 மீட்டர் தள்ளியிருக்கும் சின்ன பேனலில் அது 4,000 ஆம்பியருக்குள் இறங்கிவிடும். அங்கே உங்கள் 10 கேஏ தாராளம், தொட வேண்டாம். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பவரிடம் முதலில் கேபிள் நீளங்களை அளந்து வரச் சொல்லுங்கள்.

பேனலுக்குள் கரண்டைச் சுமக்கும் உலோகப் பட்டைகளான பஸ்பாரையும் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் இரண்டரை மடங்கானால் பஸ்பார்கள் ஒன்றையொன்று தள்ளும் விசை ஆறு மடங்குக்கு மேல் போகும். பழைய தாங்கிகள் அதற்குத் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற எத்தனை படிவம் நிரப்பினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். லோடு, கேபிள், எர்த்திங் எல்லாம் கேட்டிருப்பார்கள். நான் பார்த்த கோப்புகளில் ஷார்ட் கரண்ட் என்ற கட்டத்தில் பழைய வரைபடத்து எண்ணையே பார்த்து எழுதி, அதன் மேலேயே முத்திரை குத்தியிருந்தார்கள்.

புதுப் பிரேக்கர் வரும்வரை பேனல் கதவைத் திறந்து வைத்து யாரும் வேலை செய்ய வேண்டாம். ஏதாவது ஒன்று ட்ரிப் ஆனால் உடனே மேலே தள்ளிப் பார்க்காதீர்கள். மெயினை அணைத்து, ஷார்ட் எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஷார்ட்டை வெட்டிய அந்த 10 கேஏ பிரேக்கரை மறுபடி மாட்டவும் வேண்டாம்.